எண்பதுக்கு வாங்கி நூற்றுக்கு விற்ற வாளி

நவம்பர் 4, திங்கள்

இன்று என் பாத்திரக் கடைக் கம்ப்யூட்டரில் என் மனைவியின் வாட்ஸ்அப்பைத் திறந்து, அவளுக்கும் இன்னொரு ஆணுக்கும் இடையே போய்வந்த செய்திகளைப் படித்தேன். நாற்பது நிமிடம் ஆனது. சனிக்கிழமை வினாத்தாள் பிரின்ட் எடுக்க வந்தவள் தன் வாட்ஸ்அப்பை இதில் இணைத்தாள். எடுத்து முடித்ததும் மூடாமல் போய்விட்டாள். மூடத் தெரியாதவன் இல்லை நான். மூடவில்லை.

அந்த ஆளின் பெயர் அமலதாஸ். திருப்பத்தூர் பக்கம் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

தப்பாக ஒன்றும் இல்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னம், விகிதம், சதவீதம், இவ்வளவுதான். 'ரெண்டாவது படியில அவசரப்பட்டுட்டீங்க டீச்சர்' என்று அவர் எழுதுகிறார். 'ஆமா சார், இப்பத்தான் புரியுது' என்று இவள். கூடவே கும்பிடும் கைகள், ஒரு சிரிப்பு. நாற்பது நிமிடத்தில் எண்ணியது: சிரிப்பு பதினேழு. அவருடைய வாய்ஸ் மெசேஜ்களில் நீளமானது பதினொரு நிமிடம். என் மனைவி எனக்குப் போன் போட்டால் நாற்பது விநாடி. கேஸ் சிலிண்டர், தக்காளி, மாடிச் சாவி.

எட்டு வருடமாக, ஒரு கம்பெனி தீபாவளிக்கு இலவசமாகக் கொடுக்கும் டைரியில் வந்த சரக்கு, வராத சரக்கு, வராததற்குச் சொன்ன பொய் என்று எழுதி வருகிறேன். இதை வேறு எங்கே எழுதுவது? எழுதுகிறேன்.

நவம்பர் 5, செவ்வாய்

காலையிலிருந்து மழை. தார்ப்பாய் நன்றாகப் போனது.

கடையில் கல்லாப்பெட்டியில் உட்காரும் எனக்கு அடுத்த பொறுப்பு குருவம்மாளுக்கு. பதினைந்து வருடமாக இருக்கிறாள். எதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, பின்னக் கணக்கெல்லாம் படிக்கீக. பரிச்ச எழுதப் போறீகளோ?"

"வியாபாரத்துக்கு."

"அது டீச்சரு படம்லா ஓரத்துல இருக்கு."

"போய்த் தார்ப்பாயை மடி."

போனாள். போகும்போது மற்ற பெண்களிடம் ஏதோ சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள்.

நவம்பர் 6, புதன்

விஷயத்தைச் சரியாக எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் படிக்கிற எனக்கே நான் மோசமானவனாகத் தெரிவேன்.

என் மனைவி செண்பகவல்லி தமிழாசிரியை. இங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஒன்றிய நடுநிலைப் பள்ளி. அங்கே இருந்த கணக்கு ஆசிரியர் ஜூன் மாதம் மாறுதலில் போனார். புது ஆள் வரவில்லை. தலைமையாசிரியை எட்டாம் வகுப்புக் கணக்கை இவள் தலையில் கட்டிவிட்டார். இருபது வருடம் கணக்குப் புத்தகத்தைத் தொடாதவள். முதல் வாரம் வீட்டுக்கு வந்து அழுதாள். ஒரு பிள்ளை சந்தேகம் கேட்டதாம். நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்தாளாம். மறுநாளும் சொல்ல முடியவில்லை.

அப்போது நான் சொன்னேன்: "எங்கிட்ட கேளு. மனக்கணக்குல இந்தக் கோவில்பட்டியில என்னய மிஞ்ச ரெண்டே பேரு. அதுல ஒருத்தர் இறந்துட்டார்."

"உங்க கணக்கு வேற, புக்குக் கணக்கு வேறங்க" என்றாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் தைத்தது.

பிறகு யாரோ சொல்லி 'பாடம் பேசுவோம்' என்ற வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தாள். எல்லா மாவட்டத்திலிருந்தும் எண்ணூறு சொச்சம் ஆசிரியர்கள். சனிக்கிழமைதோறும் ஒருவர் தன் வகுப்பில் நடத்தியதை ஐந்து நிமிட வீடியோவாகப் போடுவார். மற்றவர்கள் நல்லது ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று என்று எழுதுவார்கள். யார் மானமும் போய்விடக் கூடாது என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் வெளி மாவட்டத்தில் ஒரு ஆளைச் சீட்டுக் குலுக்கித் தருவார்கள். வீடியோ முதலில் அந்த ஆளுக்குத் தனியாகப் போகும். அவர் பார்த்துத் திருத்திச் சரி என்ற பிறகுதான் குழுவுக்கு. சீட்டில் இவளுக்கு விழுந்தவர் அமலதாஸ்.

ஆக, எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. சம்பளம் இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்கு இவ்வளவு நேரம் செலவழிக்கிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. சைக்கிளில் பிளாஸ்டிக் குடம் கட்டி விற்ற காலத்திலிருந்து இன்றுவரை சும்மா எதையும் யாரும் எனக்குத் தந்ததில்லை.

நவம்பர் 7, வியாழன்

இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டே அவருடைய வாய்ஸ் மெசேஜைக் கேட்கிறாள். கிரைண்டர் சத்தத்துக்கு மேலே அவர் குரல் கேட்கும்படி போனைப் பருப்பு டப்பாமேல் சாய்த்து வைத்திருக்கிறாள். நிதானமான குரல். நடுநடுவே நிறுத்துகிறார். அந்த இடைவெளியில் இவள் "ம்" என்கிறாள், எதிரே ஆள் நிற்கிறாற்போல.

சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள்.

"டிசம்பர் எட்டாம் தேதி திருச்சியில எங்க குழுவோட கூட்டங்க. முந்நூறு டீச்சர்ஸ் வர்றாங்க. அஞ்சு பேரை மேடையில பாடம் நடத்திக் காட்டச் சொல்லப் போறாங்க. எம் பேரச் சொல்லியிருக்காங்க."

"யாரு சொன்னது?"

"அமலதாஸ் சார்தான். கணக்குப் படிக்காத ஒரு தமிழ் டீச்சர் கணக்கு நடத்துறதை எல்லாரும் பாக்கணும்னு சொன்னாராம். வர்ற பதினாறாம் தேதி என் வீடியோ. அது நல்லா வந்தா உறுதி பண்ணிருவாங்க."

"அந்தாளும் திருச்சிக்கு வாராரோ?"

"அவர் இல்லாமலா?"

இன்னொரு இட்லி வைக்க வந்தாள். போதும் என்றேன். மூன்றோடு நான் எழுந்தது இந்த வருடத்தில் இதுதான் முதல் தடவை. அவள் அதைக் கவனிக்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 8, வெள்ளி

சிரிப்பு நான்கு. வாய்ஸ் மெசேஜ் இரண்டு.

நவம்பர் 11, திங்கள்

இன்று செய்ததைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

பதினொன்றரைக்குக் கடையில் கூட்டம் குறைந்தது. வல்லி பள்ளியில் இருக்கும் நேரம். அங்கே போனைப் பையில் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள், மாலை வரை எடுக்க மாட்டாள். அவள் பெயரிலேயே அமலதாஸுக்கு ஒரு செய்தி அடித்தேன். வேண்டாத சரக்கை நிறுத்தச் சொல்லி எத்தனையோ கம்பெனிக்கு எழுதியவன், எனக்கு இது பெரிய காரியமில்லை.

'ஐயா, வணக்கம். இதுநாள்வரை தாங்கள் அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி. இனி தங்கள் உதவி தேவைப்படவில்லை. வீட்டில் விரும்பவில்லை.'

அனுப்பப் போனவன் நிறுத்தினேன். நாளைக்கே அவள் வீடியோவை அனுப்புவாள், அவர் பதில் போடுவார், குட்டு உடைந்துவிடும். ஒப்பந்தம் எழுதினால் ஓட்டை இருக்கக் கூடாது. இன்னொரு வரி சேர்த்தேன். 'நான் எதை அனுப்பினாலும் தாங்கள் பதில் அனுப்ப வேண்டாம். இப்படிக்கு.'

இரண்டு டிக் விழுந்தது. ஐந்து நிமிடத்தில் நீலமானது. 'சரிங்க டீச்சர். மன்னிக்கணும்' என்று வந்தது. இரண்டையும் அவள் கணக்கில் மட்டும் அழித்தேன். அவள் போனிலும் அழிந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் நன்றாகப் பசித்தது.

நவம்பர் 13, புதன்

மாவு ஆட்டும்போது வீட்டில் கிரைண்டர் சத்தம் மட்டும்.

"சாருக்கு என்னவோ தெரியல. திங்கக்கிழமை சாயந்தரம் ஒரு கணக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்திருக்கு, பதில் இல்ல. நேத்தும் அனுப்பினேன். அதையும் பாத்திருக்காரு."

"மனுசனுக்கு ஆயிரம் வேலை இருக்கும்."

"நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டனோ?"

அவள் முகத்தைப் பார்க்காமல் மின்கட்டண அட்டையைத் தேடினேன். அட்டை கண்ணெதிரே ஆணியில் தொங்கியது.

நவம்பர் 14, வியாழன்

இன்றைய நாளை முழுதாக எழுதுகிறேன்.

நாலேமுக்காலுக்குப் பள்ளியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். கையில் கணக்குப் புத்தகம், நோட்டு. பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

"ஏங்க, சனிக்கிழமை வீடியோவுக்கு இலாப நட்டம் எடுத்திருக்கேன். உங்கள வச்சு எடுக்கலாமா? நெசமான வியாபாரி பேசினா பிள்ளைங்களுக்கு மனசுல நிக்கும்."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் வேலைக்காக என்னிடம் வந்து நின்றது இதுதான் முதல் தடவை. அதை நான் வெளியே காட்டவில்லை. குருவம்மாளைக் கூப்பிட்டு வாசலில் அடுக்கிய வாளிகளைத் துடைக்கச் சொன்னேன். பின்பக்கம் போய்ச் சட்டை மாற்றிவிட்டு வந்தேன்.

"கலியாணச் சட்டையால்லா இருக்கு" என்றாள் குருவம்மா.

வல்லி போனைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், நான் வாளியைக் கையில் பிடித்துச் சொன்னேன். எண்பது ரூபாய்க்கு வாங்குகிறேன், நூறு ரூபாய்க்கு விற்கிறேன், இருபது ரூபாய் லாபம். ஆகவே லாபம் இருபது சதவீதம்.

அவள் போனைத் தாழ்த்தினாள். நோட்டைப் புரட்டினாள்.

"இருபதா? நான் இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கேங்க. இருபதை எண்பதால வகுக்கணும்னு..."

"எண்பதால எதுக்கு வகுக்கே? கல்லாவுல நூறு ரூவா விழுது. அதுல நம்ம பங்கு இருபது. நூத்துக்கு இருபது. கம்பெனிக்காரன்ட்ட நான் மார்ஜின் பேசுறதும் இப்படித்தான், டவுன்ல எல்லாக் கடையிலயும் இப்படித்தான்."

"புக்குல வேற மாதிரி இருக்காப்ல இருக்கு."

"புக்கு எழுதுனவன் என்னைக்காவது வாளி வித்திருக்கானா?"

குருவம்மா சிரித்தாள். வல்லியும் சிரித்துவிட்டாள். எனக்காகச் சிரித்த சிரிப்பு. பேனாவை எடுத்து நோட்டில் இருபத்தைந்தை அடித்து இருபது என்று எழுதினாள்.

"சார் இருந்தா ஒரு தடவ கேட்டுருப்பேன். சரி, அனுப்பி வைக்கேன். பாத்தா சொல்லட்டும்."

"வியாபாரக் கணக்கை வியாபாரிட்டதானே கேக்கணும்" என்றேன்.

மீண்டும் எடுத்தோம். இந்தத் தடவை நன்றாகப் பேசினேன் என்று அவளே சொன்னாள்.

நவம்பர் 15, வெள்ளி

வீடியோவை அமலதாஸுக்கு அனுப்பியிருக்கிறாள். நீல டிக் உண்டு. பதில் இல்லை. அந்த வீடியோவையே பள்ளிக் கம்ப்யூட்டரில் போட்டு வகுப்பில் ஓட்டிப் பாடமும் நடத்திவிட்டாளாம். பிள்ளைகள் என்னை 'வாளி மாமா' என்கிறார்களாம்.

இரவு நாலு இட்லி.

நவம்பர் 16, சனி

அமலதாஸிடமிருந்து 'சரி' வரவில்லை; குறித்த நாள் தவறக் கூடாது என்று ஆறு மணிக்குக் குழுவில் போட்டாள். பக்கத்தில் உட்காரச் சொன்னாள். இருவரும் ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் கைதட்டல்கள். 'அருமை டீச்சர், வியாபாரி யாரு, சூப்பரா பேசுறாரு' என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். வல்லி முழங்கையால் என்னை இடித்தாள்.

ஆறு பத்துக்கு ஒருவர் எழுதினார்: 'இலாப சதவீதம் அடக்க விலைக்குத்தானே பார்க்கணும்? 25 வருமே.'

அதற்குக் கீழே இன்னொருவர். அதற்குக் கீழே நாலைந்து பேர். பாடப்புத்தகத்தின் பக்கத்தை ஒருவர் படம் பிடித்துப் போட்டார். ஒருவர், 'டீச்சர் தமிழ் மேஜர், விடுங்க பாவம்' என்றார். சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்தன. வழக்கமாக நான் எண்ணுவேன். இன்று எண்ணவில்லை.

'வீடியோவ யாரு செக் பண்ணினது? அமலதாஸ் சார் பார்க்கலையா?' என்று ஒருவர் கேட்டார்.

வல்லி போனைக் கவிழ்த்து வைத்தாள். நோட்டை எடுத்து, அடித்திருந்த இருபத்தைந்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நேத்து முப்பத்தோரு பிள்ளைகளுக்கு இதத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றாள்.

"வியாபாரத்துல அப்படித்தான்..."

"போதுங்க."

நவம்பர் 17, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அவளே அமலதாஸுக்குப் போன் போட்டாள். இதுவரை போனில் பேசிக்கொண்டதில்லை என்று எனக்குத் தெரியும். ஸ்பீக்கரில் போட்டாள். ஒளிக்க அவளிடம் ஒன்றும் இல்லை. நான் சவரம் செய்துகொண்டிருந்தேன்.

"சார், உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லைங்க டீச்சர். நீங்கதானே பதில் போட வேணாம்னு சொன்னீங்க."

"நானா?"

"மெசேஜ் அனுப்பியிருந்தீங்களே. திரும்ப அனுப்பறேன் பாருங்க."

போன் ஒலித்தது. அவள் படித்தாள். நான் கன்னத்தில் நுரையோடு நின்றேன். "அப்புறம் பேசுதேன் சார்" என்று சொல்லித் துண்டித்தாள். கண்ணாடியில் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"சத்தமா வாசிங்க" என்று போனை நீட்டினாள்.

"வல்லி..."

"வாசிங்க. நான் எழுதினதுல்லா? நான் எப்படி எழுதுறேன்னு நானும் கேக்கணும்."

வாசித்தேன். 'தாங்கள் அளித்த ஒத்துழைப்புக்கு' வரை வந்தது. 'வீட்டில் விரும்பவில்லை' என்ற இடத்தில் நிறுத்தினேன். அவள் விடவில்லை. 'இப்படிக்கு' வரை வாசிக்க வைத்தாள்.

"வீட்டில்னா யாரு? நானும் இந்த வீட்டுலதான இருக்கேன். நான் விரும்பலன்னு உங்ககிட்ட சொன்னனா?"

"பதினொரு நிமிசம் பேசுறாரு."

"விகிதம் பேசுனாரு. நேர் விகிதம், எதிர் விகிதம். எனக்கு ஒரு தடவை சொன்னா ஏறல, மூணு தடவை சொன்னாரு. நீங்க ஒரு தடவை சொல்லி ஏறலைன்னா, என்ன படிச்சேன்னு கேப்பீங்க. அந்தாளு ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்ல."

அப்படிக் கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஜூன் மாதத்தில் இரண்டு தடவை.

நவம்பர் 18, திங்கள்

முப்பத்தொரு பிள்ளைகளிடமும் தான் சொன்னது தப்பு என்று சொல்லித் திரும்ப நடத்தினாளாம். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. ஒரு பிள்ளை எழுந்து, 'வாளி மாமா பொய் சொன்னாரா டீச்சர்' என்று கேட்டதாம்.

என்ன பதில் சொன்னாள் என்பது கேட்கவில்லை. குக்கர் விசில் அடித்துவிட்டது.

நவம்பர் 20, புதன்

குழுவிலிருந்து விலகிவிட்டாள். திருச்சிக்கு வரவில்லை என்றும் எழுதிவிட்டாளாம். போன் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிறது. நான் கேட்டால் பதில் உண்டு. கேட்டதற்கு மட்டும்.

நான் விரும்பியபடிதான் வீடு இருக்கிறது.

நவம்பர் 22, வெள்ளி

மழை விட்டது. சில்வர் பாத்திரம் வந்து இறங்கியது, இரண்டு அண்டா நசுங்கிச் சொட்டையாக இருந்தது. திருப்பி அனுப்பினேன்.

நவம்பர் 25, திங்கள்

சாயந்தரம் நான் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். கூட்டு வட்டி. பென்சிலால் எழுதுகிறாள், அழிக்கிறாள். அழித்து அழித்துத் தாள் ஒரு இடத்தில் கிழிந்துவிட்டது. என்னைக் கேட்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. கேட்க ஆள் இல்லை.

எனக்கு அந்தக் கணக்கு தெரியும். ஆனால் என் வழியில் தெரிந்ததா, புத்தகத்தின் வழியில் தெரிந்ததா என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை. முதல் தடவையாக ஒரு கணக்கின் முன்னால் வாய் திறக்காமல் நின்றேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்துப் புத்தகத்தை மூடினாள்.

"என்ன, வந்துருச்சா?"

"நாளைக்குச் சொல்றேன்னு சொல்லிக்கிடலாம்" என்றாள்.

ஜூன் மாதம் அழுதுகொண்டு சொன்னவள். இன்று அழவில்லை. அதுதான் எனக்கு ஆகவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

பாதி நாள் வியாபாரத்தில் மனம் இல்லை. மூன்று மணிக்கு டீ வாங்கிக் கொடுத்து, விஷயத்தைக் குருவம்மாளிடம் வேறு யாருக்கோ நடந்ததாகச் சொன்னேன்.

"அந்த வேற யாரோ நம்ம கடை வாளியத்தான் வித்தாரோ?" என்றாள்.

என் டீயைக் குடித்து முடித்தேன்.

"நீங்க அண்டா சொட்டைன்னு கம்பெனிக்காரன அந்த ஏச்சு ஏசுனீக. அவன் என்ன செஞ்சான்? வேற அனுப்புதேன்னான். நீங்க என்ன அனுப்புனீக?"

"இதுக்கு என்னத்த அனுப்ப?"

"அந்த வாத்தியாரு நம்பரு உங்ககிட்ட இருக்குல்லா. அழிச்சுட்டேன்னு மட்டும் சொல்லிராதீக."

அழிக்கவில்லை.

நவம்பர் 27, புதன்

அமலதாஸுக்குப் போன் போட்டேன். மலையில் பள்ளியில் மெசேஜ் மட்டும்தான் வருமாம், பேசுவதென்றால் பள்ளி விட்டு டவர் கிடைக்கும் மேட்டுக்கு வர வேண்டுமாம். ஐந்து இருபதுக்குத் திரும்பக் கூப்பிட்டார்.

"நான் செண்பகவல்லி டீச்சர் வீட்டுக்காரர், பலவேசம். அந்த மெசேஜ் நான் அனுப்பினது. அவளுக்குத் தெரியாது."

"அப்படித்தான் இருக்கும்னு அப்புறம் தோணுச்சு சார். டீச்சர் எனக்கு எழுதினா 'இப்படிக்கு'ன்னு போட மாட்டாங்க."

ஏசுவார் என்று தயாராக இருந்தேன். ஏசினால் சமாளிக்கத் தெரியும். அவர் ஏசவில்லை.

"முதல்ல பயந்துட்டேன் சார். ஏதாவது தப்பா பேசிட்டேனோன்னு நான் அனுப்பின வாய்ஸ் எல்லாத்தையும் திரும்பக் கேட்டேன். எங்க வீட்டம்மாவையும் கேக்கச் சொன்னேன். 'இவ்ளோ நீளமா பேசினா எந்த டீச்சரும்தான் வேணாம்பாங்க'ன்னு சொன்னாங்க."

"வீடியோவ பாத்தீகளா?"

"வந்த உடனே பாத்தேன். இருபத்தஞ்சுன்னு டைப் பண்ணேன். அழிச்சேன். திரும்ப டைப் பண்ணேன். பதில் போடாதீங்கன்னு ஒரு லேடி டீச்சர் எழுதினப்புறம் எப்படிங்க அனுப்பறது?"

இது என் நெஞ்சில் நேராக இறங்கியது. ஓட்டை இல்லாமல் எழுதினேனே, அந்த வரிதான் அவர் கையைக் கட்டியிருக்கிறது.

பிறகு அவர் சொன்னது எனக்குத் தெரியாத ஒன்று. அவர் பள்ளியில் தமிழுக்கு ஆள் இல்லை. ஆறாம் வகுப்புத் தமிழை இவர்தான் நடத்துகிறார். செய்யுளை எப்படிப் பிரித்து வாசிப்பது என்று இவள்தான் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறாள். நான் அவர் இவளுக்கு அனுப்பியதைத்தான் விடாமல் கேட்டேன். இவள் அவருக்கு அனுப்பிய வாய்ஸ் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

"ரெண்டு வாரமா எங்க பசங்க ஒரே செய்யுள்ல நிக்கறாங்க சார். எனக்கு அந்த ராகம் வரல."

"ராகமா?"

"டீச்சர் பாடி அனுப்புவாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் அவள் வீட்டில் பாடி நான் கேட்டதில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போன் போட்டேன். போனை வைக்கும்போது அந்த மனுசன்மேல் முன்னைவிட அதிகமாக வயிறு எரிந்தது. உள்ளதை எழுதுகிறேன்.

திருச்சிக்கு இவள் பெயரை அவர் இன்னும் அடிக்கவில்லையாம். திருத்திய வீடியோ சனிக்கிழமைக்குள் வந்தால் குழுவில் பேசிப் பார்க்கலாம் என்றார்.

நவம்பர் 29, வெள்ளி

நேற்று முழுவதும் எப்படி ஆரம்பிப்பது என்று தள்ளிப் போட்டேன். இன்று மாலை நாலரைக்கே கடையைக் குருவம்மாளிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வல்லி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அமலதாஸ் சாரோட பேசினேன்."

கை நின்றது.

"இந்தத் தடவ யாரு பேருல?"

"எம் பேருலதான். பலவேசம்னு சொல்லி."

"என்ன சொன்னாரு?"

"உன்னைக் கேட்டார். ஆறாங்கிளாஸ் பிள்ளைக ஒரே செய்யுள்ல நிக்குதுகளாம். ராகம் வரலியாம்."

துணியை மடிமேல் வைத்தாள்.

"எனக்குப் பாடுனதே இல்லையே நீ" என்றேன்.

"நீங்க கேட்டதே இல்லையே."

"இப்பக் கேக்கேன்."

"இப்பப் பாட மாட்டேன்" என்றாள். "அதுக்கு இன்னும் நாளாகும்."

சரி என்றேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். அதே வாளியோடு, அதே கடையில் இன்னொரு வீடியோ எடுக்கலாம். இருபது என்று சொன்னது நான்தான், டீச்சர் நோட்டில் சரியாகத்தான் இருந்தது என்று என் வாயாலேயே சொல்கிறேன். கடைக்காரன் ஏன் விற்ற விலையில் கணக்குப் பார்க்கிறான், புத்தகம் ஏன் அடக்க விலையில் பார்க்கிறது என்று அவள் விளக்கட்டும். பிள்ளைகளுக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். நாளைக்கு அவர்களும் கடை வைப்பார்கள்.

அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனி ஏஜென்டுகள் இவளிடம் வந்து படிக்கலாம். ஒவ்வொன்றாகக் கேட்டாள், ஒவ்வொன்றுக்கும் நான் சரி சொல்லும் வரை அடுத்ததற்குப் போகவில்லை. ஆறே முக்காலுக்குப் பேசி முடித்தோம். முடிவானது இது.

நாளைக் காலை எட்டு மணிக்கு, கடை திறப்பதற்கு முன் வீடியோ. நான் பேசுவது இரண்டு நிமிடம், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. கலியாணச் சட்டை கூடாது. திங்கட்கிழமை நான் பள்ளிக்கு வந்து எட்டாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள் முன்னால் நின்று, தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். கடைக் கம்ப்யூட்டரிலிருந்து அவள் வாட்ஸ்அப்பை அவள் கையாலேயே எடுத்துவிடுவாள், இனி பிரின்டுக்குப் பென்டிரைவ். குழுவில் திரும்பச் சேருவாள். திருச்சிக்கு அழைத்தால் ரயிலில் தனியாகப் போவாள். நான் ஸ்டேஷன் வரை வரலாம்.

வீடியோ முதலில் அமலதாஸ் சாருக்குத்தான் போகும். இதில்தான் இழுபறி. முதலில் எனக்கு என்று கேட்டேன். முடியாது என்றாள். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் என்று இறங்கினேன். அதற்கும் முடியாது. அவர் பார்த்துச் சரி சொல்லி ஒரு மணி நேரம் கழித்து எனக்கு என்றாள். அரை மணி என்றேன். முக்கால் மணி நேரம் என்று முடிந்தது.